குத்தரிசிச் சோறு: தவிட்டை அறிந்து சமைத்தல்

குத்தரிசிச் சோற்றைப் பற்றி யாழ்ப்பாணத்தில் கேட்கும் முறைப்பாடுகள் எல்லாருக்கும் தெரிந்தவை. மென்று மாளாது. ஒரு மணம் அடிக்கும். நாலு வாய் சாப்பிட்டதும் வாய் வறண்டுபோகும். வைத்தியர் சொன்னார் என்று ஒரு மாதம் சமைத்துப் பார்த்துவிட்டு, மிஞ்சிய அரிசியைக் கோழிக்குப் போட்ட வீடுகள் பல. அதற்கு அரிசியைப் பழிசொல்ல முடியாது. எப்போது குத்தியதென்று தெரியாத ஒரு பையை வாங்கி, சம்பா சமைக்கும் அதே நேரக்கணக்கில் உலையில் போட்டால் அப்படித்தான் வரும். தவிடு என்ன பொருள், தண்ணீரோடும் சூட்டோடும் அது எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்து சமைத்தால், குத்தரிசிச் சோற்றின் மணத்துக்கு ஈடான சோறு வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை மட்டும் நீக்கினால் தவிடு குலையாத முழு அரிசி, அதாவது குத்தரிசி, கிடைக்கும். அந்த அரிசியின் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தவிடும் முளைக்கருவும் இருக்கும். நிறம், நார், எண்ணெய், உயிர்ச்சத்து, மணம் என்று குத்தரிசியை வெள்ளையரிசியிலிருந்து பிரித்துக் காட்டும் எல்லாமே இந்தச் சிறு பங்குக்குள்தான் அடக்கம். தவிட்டில் 15 முதல் 20 வீதம் வரை எண்ணெய் உண்டு. மணம் தருவதும் அந்த எண்ணெய்தான், கெட்டுப்போவதும் அதுதான். சமையலுக்கு முன்னரே பாதி ருசி தீர்மானமாவது இங்கேதான் என்பதால் அரிசி வாங்குவதிலிருந்து தொடங்குகிறேன்.

எப்போது குத்திய அரிசி?

உமிக்குள் இருக்கும்வரை தவிட்டு எண்ணெயும் அதைச் சிதைக்கும் இலிப்பேசு என்ற நொதியமும் தனித்தனி அடுக்குகளில் இருக்கின்றன. நெல்லைக் குத்தும்போது அல்லது ஆலையில் போடும்போது தவிடு கீறுப்பட்டு இரண்டும் கலக்கின்றன. அன்றிலிருந்து எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பமிலங்களாக உடையும். காற்றுப் பட்டு அவை காறும். பையைத் திறந்ததும் பழைய எண்ணெய் மணமோ, பெயின்ற் மணமோ வந்தால் அந்த அரிசியை எந்தச் சமையல் வித்தையாலும் காப்பாற்ற முடியாது. கழுவினாலும் போகாது, தாளித்தாலும் மறையாது. நல்ல குத்தரிசி வைக்கோலும் கொஞ்சம் வேர்க்கடலையும் கலந்த மாதிரி மணக்கும். கடையில் ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் எடுத்து, வாயால் சூடாக ஊதி உடனே மணந்து பாருங்கள். காறல் இருந்தால் அந்த ஈரச் சூட்டில் தெரிந்துவிடும்.

நெல்லாக வைத்திருந்து, தேவைக்குக் குத்திக்கொள்வதே இதற்குச் சிறந்த வழி. எங்கள் பக்கத்து வயல்கள் பெரும்பாலும் மழையை நம்பியவை. காலபோக நெல் தை, மாசியில் வீட்டுக்கு வரும். வயல் உள்ள உறவினரிடமோ ஊர் ஆலையிலோ ஒரு மூடை நெல் எடுத்து, நன்றாகக் காயவைத்து, நிலத்தில் ஈரம் ஏறாதபடி பலகைமேல் அடுக்கிவைத்தால் அடுத்த அறுவடை வரைக்கும் தாங்கும். மாதம் ஒருமுறை 5 கிலோவோ 10 கிலோவோ குத்துவித்துக்கொள்ளலாம். நெல்லுக்கு வழியில்லாதவர்கள் ஒரு மாதத்துக்குப் போதுமான அரிசியை மட்டும் வாங்குவது நல்லது. எங்கள் வெக்கையில் தீட்டாத, அதாவது தவிடு நீக்காத, அரிசியை வெளியில் இரண்டு மாதத்துக்குமேல் வைத்திருக்க நான் சொல்லமாட்டேன். காற்றுப் புகாத பேணியில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஆறு மாதம்வரை மணம் கெடாமல் இருக்கும்.

பச்சையரிசிக்கும் புழுங்கலுக்கும் இதில் வித்தியாசம் உண்டு. நெல்லை அவிக்கும்போது அந்த நொதியம் சூட்டில் செத்துவிடும். அதனால் தீட்டாத புழுங்கலரிசியில் எண்ணெய் கொழுப்பமிலமாக உடைவது குறைவு. ஆனால் அவியும்போது எண்ணெயைக் காக்கும் சில பொருள்களும் அழிந்துபோகின்றன. காற்றினால் காறுவது அதில் விரைவு. ஆகவே புழுங்கலை இறுக மூடிவைப்பதும், பச்சையரிசியைக் குளிரில் வைப்பதும் முக்கியம்.

ஆலையில் என்ன இயந்திரம் என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். றப்பர் உருளை பூட்டிய இயந்திரம் உமியை மட்டும் உரிக்கும்; தவிடும் முளைக்கருவும் அப்படியே இருக்கும். பழைய இரும்பு உருளை இயந்திரம் உமியையும் தவிட்டில் ஒரு பகுதியையும் சேர்த்தே தேய்க்கும், குறுணலும் கூடும். அரிசி சிவப்பாக இருப்பதை வைத்து அது தீட்டாதது என்று எண்ணிவிட முடியாது. அரைவாசி தீட்டிய சிவப்பரிசியிலும் சிவப்புக் கோடுகள் நிற்கும். மணியின் ஒரு நுனியில் சிறு வெளிறிய புள்ளியாக முளைக்கரு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மணிகளில் அது இருந்தால் தவிடும் இருக்கிறது.

புதிதாகப் பழகும் வீட்டுக்கு நான் முதலில் சொல்லும் வழி, ஆலைக்காரரிடம் ஒரு மெல்லிய தீட்டல் கேட்பது. முழுத் தீட்டலில் போகும் தவிட்டில் பாதிக்கும் குறைவாகப் போனால் போதும். மேற்தோல் கீறுப்படுவதால் தண்ணீர் விரைவாக ஏறும், வேகும் நேரம் குறையும், மணமும் நிறமும் பெரும்பாலும் மிஞ்சும். பிள்ளைகள் சாப்பிடத் தொடங்கிய பிறகு தீட்டலை நிறுத்திக்கொள்ளலாம்.

வகையும் ருசியை மாற்றும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், ஆட்டக்காரி என்று கேட்டு வாங்குகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். கடைகளில் ‘சிவப்புப் பச்சை’, ‘சிவப்பு நாடு’ என்று கட்டிவைத்திருப்பவை பெரும்பாலும் ஏதோ ஓரளவு தீட்டியவை. பச்சையரிசியாக எடுத்தால் பொங்கல், பாற்சோறு, கஞ்சி, மா எல்லாவற்றுக்கும் உதவும். மத்தியானச் சோற்றுக்கும் பழஞ்சோற்றுக்கும் புழுங்கல்தான். தைப்பூசத்தில் புதிரெடுக்கும் புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாகத் தேவை. புத்தரிசி இளகி ஒட்டும். நெல்லாகவே ஆறு மாதம் கிடந்து பழகிய அரிசி கூடுதலாகத் தண்ணீர் குடித்து உதிரியாக வேகும். ஒரே அளவுத் தண்ணீரில் மாசியில் குழைந்த சோறு புரட்டாசியில் விறைப்பாக வருவதன் காரணம் இதுதான். வருடம் முழுக்க ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

தண்ணீர்

தவிட்டின் வெளித்தோலில் மெழுகும் நாரும் உண்டு. வெள்ளையரிசிக்குள் விரைவாக ஏறும் தண்ணீர் குத்தரிசிக்குள் ஏற மணிக்கணக்காகும். ஊறவைக்காமல் கொதிநீரில் போட்டால் மணியின் வெளிப்பக்கம் வெந்து பிசுக்காகும், நடு இன்னும் மாவாகவே கிடக்கும், பிறகு தோல் ஒரு பக்கம் வெடித்து உள்ளிருப்பது பிதுங்கும். மெல்லும்போது ஒரே வாயில் குழைவும் விறைப்பும் சேர்ந்து வருவது இப்படிச் சமைத்த சோற்றில்தான். ஊறிய மணிக்குள் தண்ணீர் நடுவரை போய்விடுவதால் சூடு ஏறியதும் உள்ளும் புறமும் ஒன்றாக வேகும்.

முதலில் கல் அரிக்க வேண்டும். வீட்டுக் குத்தரிசியில் கல்லும் நெல்மணியும் வரவே செய்யும். சுளகில் புடைத்து நெல்லைப் பொறுக்கிவிட்டு, அரிக்கன் சட்டியில் தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி மேலே மிதந்து வரும் அரிசியை அடுத்த சட்டிக்கு மாற்றுங்கள். கல் அரிக்கன் சட்டியின் வரிகளுக்குள் தங்கிவிடும். இரண்டு தண்ணீர் போதும். வெள்ளையரிசிபோல தண்ணீர் தெளியும்வரை பிசைந்து கழுவத் தேவையில்லை. சிவப்பரிசித் தண்ணீர் தெளியவும் மாட்டாது.

ஊறும் நேரம் இது: பச்சையரிசி தீட்டாதது 3 மணிநேரம், புழுங்கல் தீட்டாதது 5 மணிநேரம், மெல்லிதாகத் தீட்டியது ஒன்றரை மணிநேரம். அரிசிக்குமேல் நாலு விரற்கடை தண்ணீர் நிற்கவேண்டும். குளிர்நீரில் புழுங்கலரிசி பச்சையரிசியைவிடக் கூடுதலாக உறிஞ்சும், கொதிநீரிலோ மெதுவாகத்தான் வேகும். அவித்துக் காய்ந்தபோது அதன் மாப்பொருள் ஏற்கெனவே ஒருமுறை வெந்து இறுகியதே அதன் காரணம். ஆகவே புழுங்கலை ஊறவைப்பதில் அவசரம் காட்டினால் அடுப்பில் அதைவிடக் கூடுதலான நேரத்தைக் கொடுக்க வேண்டிவரும்.

இரவில் ஊறவைத்துக் காலையில் சமைப்பவர்கள் சித்திரை, வைகாசி வெக்கையில் கவனமாக இருக்கவேண்டும். 8 மணிநேரம் கடந்தால் தண்ணீரில் நுரை கட்டி, புளித்த மணம் வரும். படுக்கப் போகுமுன் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள், அல்லது சட்டியோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நேரமே இல்லாத நாளில், கொதித்து இறக்கிய தண்ணீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அரிசிமேல் ஊற்றி மூடி 45 நிமிடம் வைத்தாலும் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்கிறேன். சத்து வீணாகிறதே என்பார்கள். போவது சிறு பங்கு. சிவப்பு நிறம் தருவது தனின் வகையைச் சேர்ந்த பொருள். எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டுவதால்தான் வாய் வறண்டதுபோல் துவர்க்கிறது. ஊறிய தண்ணீரோடு அதில் கொஞ்சம் வெளியேறும்; துவர்ப்புப் பிடிக்காதவர்களுக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

அடுத்து, எந்தத் தண்ணீர் என்பது. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். கிணற்று நீரில் சுண்ணாம்பு கூடுதல்; கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். கரையோரக் கிணறுகளில் உவரும் சேரும். வேகும்போது அரிசி தன் நிறைக்கு இரண்டு மடங்கு தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரின் ருசி முழுவதும் சோற்றில் இறங்கும். கழுவவும் அரிக்கவும் கிணற்று நீரைப் பாவியுங்கள். ஊறவைப்பதற்கும் உலைக்கும் வீட்டில் குடிக்கும் நல்ல தண்ணீரையே எடுங்கள். மண்ணிறமாக மங்கிய, ருசி கெட்ட சோற்றுக்கு உவர் கிணறு காரணமாக இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுப்பில்

கஞ்சி வடிக்கும் பழைய முறையே குத்தரிசிக்கு மிகவும் பொருத்தமானது என்பது என் தீர்ப்பு. தண்ணீர் தாராளமாக இருப்பதால் அளவு பிசகாது. வேகும் நேரம் கூடினாலும் அடிப்பிடிக்காது. துவர்ப்பின் இன்னொரு பங்கும் கஞ்சியோடு போகும். 400 கிராம் அரிசிக்கு 3 லீற்றர் தண்ணீர். பானை பெரிதாக இருக்கட்டும். தவிட்டு நுரை பொங்கி வழியும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு வடித்த அரிசியைப் போட்டு, மறுபடி கொதி வந்ததும் தீயை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். அகப்பையால் அடியோடு இரண்டுமுறை கிளறினால் போதும். அடிக்கடி கிளறினால் வெடித்த மணிகள் உடைந்து கஞ்சி கொழுகொழுக்கும்.

ஊறிய பச்சையரிசிக்கு 25 முதல் 30 நிமிடம், ஊறிய புழுங்கலுக்கு 35 முதல் 45 நிமிடம். கடிகாரத்தைவிட மணியைப் பாருங்கள். அகப்பையில் நாலு மணி எடுத்து விரலிடையில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக்கூடாது. தோல் நீளவாக்கில் மெல்லியதாகப் பிளந்து வெள்ளை தெரிய வேண்டும். இரண்டாகப் பிரிந்து சுருண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது. புள்ளி மறைந்த உடனேயே வடித்து, மூடியோடு தணலில் அல்லது மிகச் சிறு தீயில் 10 நிமிடம் வையுங்கள். மேல்மணிகளில் ஒட்டியிருக்கும் ஈரம் இந்த நேரத்தில் உள்ளே இறங்கிச் சோறு உதிரியாகும். பலர் விடும் தவறு இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடுவது. வடித்த கையோடு பரிமாறினால் வெளியே ஈரமும் உள்ளே இறுக்கமுமாக இருக்கும்.

உப்பு? சோற்றுக்கு உப்புப் போடாமல் கறியில் பார்த்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. வெள்ளையரிசிக்கு அது சரி. குத்தரிசிக்கு உப்பு வேண்டும். தவிட்டின் கசப்பையும் துவர்ப்பையும் அடக்குவதில் உப்பு செய்யும் வேலையைக் கறியிலிருந்து வரும் உப்பு செய்யாது, ஏனென்றால் அது மணிக்கு வெளியே நிற்கும். வடிக்கும் உலையில் 3 லீற்றருக்கு 2 தேக்கரண்டி, தண்ணீர் வற்றவிடும் முறையில் 200 கிராம் அரிசிக்கு அரைத் தேக்கரண்டி. கறியில் அந்த அளவு குறைத்துக்கொள்ளலாம்.

வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள். ஒரு கோப்பைக் கஞ்சிக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் முதற்பால், ஒரு கிள்ளு உப்பு, நசுக்கிய ஒரு சின்னவெங்காயம். பின்னேரத்துக்கு அது போதும்.

றைஸ் குக்கர் பாவிப்பவர்கள் வீட்டில் அரிசி அளக்கும் சுண்டு எதுவானாலும் அதே சுண்டால் தண்ணீரையும் அளக்கட்டும். ஊறிய அரிசி 1 சுண்டுக்குத் தண்ணீர் 2 சுண்டு, ஊறாததற்கு 2½. குக்கரின் பொத்தான் தானாக மேலே எழுவது சோறு வெந்துவிட்டது என்பதற்காக அல்ல, அடியில் தண்ணீர் தீர்ந்து சூடு 100 பாகைக்கு மேல் ஏறியதற்காக. குத்தரிசி மெதுவாகக் குடிப்பதால், உள்ளே போகவேண்டிய தண்ணீர் ஆவியாகிப் போய்ப் பொத்தான் முந்திவிடும். விறைப்பாக இருந்தால் சூடான தண்ணீர் 4 மேசைக்கரண்டி தெளித்து, கிளறாமல் மூடி மறுபடி அழுத்துங்கள். பச்சைத்தண்ணீர் தெளிக்கவேண்டாம், வேக்காடு நின்றுபோகும். பிறகு 15 நிமிடம் மூடியைத் திறக்கக்கூடாது. பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்பினால் நுரை துளைவழியே வழிந்து குக்கரையே நாசமாக்கும்.

பிரஷர் குக்கரில் ஊறிய புழுங்கல் 1 சுண்டுக்கு 1¾ சுண்டு தண்ணீர். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து 15 நிமிடம், பிறகு அடுப்பை அணைத்து ஆவி தானாக அடங்கும்வரை விடுங்கள். உள்ளே சூடு 120 பாகைக்குக் கிட்ட ஏறுவதால் தவிட்டு நார் விரைவில் இளகும். விசிலைத் தூக்கி ஆவியை ஒரேயடியாக விட்டால் மணிகள் வெடித்துக் கஞ்சி நுரை மேலே பாயும். விறகும் காஸும் மிச்சம் பிடிக்க இது நல்ல வழி, ஆனால் மணிகள் உதிரியாக வராது. கஞ்சிக்கும் பாற்சோற்றுக்கும் இந்தக் குழைவே உதவும்.

வெள்ளையரிசியோடு கலந்து சமைக்க விரும்பினால் இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஊறிய குத்தரிசியை முதலில் உலையில் போட்டு 15 நிமிடம் வேகவிட்டு, கழுவிய சம்பாவைப் பிறகு சேருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பதமாகும். பாதிக்குப் பாதி கலந்து தொடங்கி, வாரத்துக்கு வாரம் சம்பாவைக் குறைத்துக்கொண்டு வரலாம்.

மணம் கூட்டுவது

அரிசியை வறுப்பது இதில் முதல் இடம். ஊறிய அரிசியை அரிதட்டில் அரை மணிநேரம் வடியவிட்டு, அடி கனத்த சட்டியில் 200 கிராமுக்கு 1 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சூடாக்கி, நடுத்தரத் தீயில் 5, 6 நிமிடம் கிளறுங்கள். ஈரம் போனதும் மணிகள் சட்டியில் சலசலக்கும். பிறகு பொரிவிளாங்காய் மாவை நினைவூட்டும் ஒரு வறுத்த மணம் எழும். அந்தக் கணத்தில் கொதிக்கும் தண்ணீர் 400 மில்லிலீற்றர், அரைத் தேக்கரண்டி உப்பு. தெறிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மூடிச் சிறு தீயில் 30 நிமிடம், இறக்கி 15 நிமிடம். வறுப்பதால் தோலில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன, தண்ணீர் ஏற அவையும் வழி. நெய்யிலும் செய்யலாம், சிவப்பரிசியின் வாசத்தோடு நல்லெண்ணெய்தான் நன்றாகச் சேர்கிறது.

வாசனைப் பொருள்களில் அடக்கம் வேண்டும். இரண்டு அங்குல ரம்பைத் துண்டு ஒன்றும் ஒரு நெட்டுக் கறிவேப்பிலையும் உலையில் போட்டால் போதும். கறுவா, ஏலக்காய், கராம்பு என்று அடுக்கினால் தவிட்டின் சொந்த மணம் அடிபட்டுப்போகும். அந்த மணத்துக்காகத்தானே குத்தரிசி.

தேங்காய்ப்பால் துவர்ப்பை நன்றாக அடக்கும். கொழுப்பும் புரதமும் நாக்கில் படிவதால் வறட்சி தெரியாது. ஆனால் பாலை எப்போது விடுவது என்பதில்தான் பலருக்குப் பிழைக்கிறது. தொடக்கத்திலேயே பாலில் வேகவைத்தால் பால் அடியில் பிடித்துக் கருகும், அரிசியும் வேகாது. 200 கிராம் ஊறிய சிவப்புப் பச்சையரிசியை 400 மில்லிலீற்றர் தண்ணீரில் மூடி வேகவிட்டு, தண்ணீர் ஏறத்தாழ வற்றி மணி நசுங்கும் பதம் வந்த பிறகே 150 மில்லிலீற்றர் முதற்பாலும் முக்கால் தேக்கரண்டி உப்பும் சேர்க்கவேண்டும். பத்து நிமிடம் மிகச் சிறு தீ. பாற்சோறாகக் கட்டியாக வேண்டுமானால் தண்ணீரை 600 ஆக்கிக் குழைய வேகவிட்டு, பாலை 250 ஆக்கி, அகப்பையால் மசித்துத் தட்டில் கொட்டிச் சமப்படுத்துங்கள்.

பச்சைப்பயறு சேர்ப்பதும் நல்லது. தோலோடு வறுத்த பயறு, ஊறிய குத்தரிசி வேகும் அதே நேரத்தில் வேகும். 200 கிராம் அரிசிக்கு 50 கிராம். பருப்பாக உடைத்த பயறானால் பாதி வேக்காட்டில் போடவேண்டும்.

முளைகட்டிய குத்தரிசியைப் பற்றிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். இதற்கு அவிக்காத நெல்லிலிருந்து றப்பர் உருளையில் உரித்த, முளைக்கரு குலையாத அரிசி வேண்டும். புழுங்கல் முளைக்காது, தீட்டியதும் முளைக்காது, கிடந்து பழசானதும் முளைக்காது. 8 மணிநேரம் ஊறவைத்து வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி நிழலில் வையுங்கள். 4 மணிநேரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். எங்கள் சூட்டில் 12 முதல் 16 மணிநேரத்தில் நுனியில் வெள்ளைப் புள்ளி புடைத்து ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தள்ளும். அப்போதே சமைத்துவிடுங்கள், நீளவிட்டால் கசக்கும், அலசத் தவறினால் புளிக்கும். முளைக்கும்போது மாப்பொருளில் ஒரு பகுதி சீனியாக மாறுவதால் சோறு இலேசாக இனிக்கும், 20 நிமிடத்தில் வேகும். மென்மை போதாதது மட்டுமே குறை என்றிருப்பவர்களுக்கு இதைவிட நல்ல மருந்தில்லை.

எந்தக் கறியோடு

நல்லாய்ச் சமைத்த குத்தரிசியைக்கூடப் பொருந்தாத கறி கெடுத்துவிடும். வெள்ளைச் சோறு சொதியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குத்தரிசி மணிக்குத் தோல் இருப்பதால் நீர்த்த சொதி தட்டின் அடிக்கு ஓடிவிடும். மணியில் ஒட்டிநிற்கும் தடிப்பான குழம்பு வேண்டும். முதற்பால் விட்டு இறுக்கிய பருப்புக்கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, புளி விட்டுச் சுண்டவைத்த மீன்குழம்பு, நண்டுக்கறி எல்லாம் குத்தரிசிக்கென்றே அமைந்தவை. நேற்று வைத்துச் சுண்டிய மீன்குழம்பு இன்னும் சிறப்பு. கீரையைக் கடைந்து வையுங்கள், அது சோற்றோடு சேர்ந்து வறட்சியைப் போக்கும். முருங்கையிலை வறையோ சுறா வறையோ வைக்கும் நாளில் பக்கத்தில் கட்டாயம் ஒரு பால்கறி இருக்கவேண்டும். உலர்ந்த வறையும் உலர்ந்த சோறும் மட்டும் என்றால் யாருக்கும் இறங்காது.

வாழைப்பூ, வாழைக்காய்த் தோல் போன்ற துவர்ப்பானவற்றை வெள்ளைச்சோற்று நாளுக்கு ஒதுக்கிவிடுவேன். துவர்ப்பின்மேல் துவர்ப்பு ஏறினால் இரண்டின் ருசியும் கெடும். மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம் ஆகியவற்றின் மொறுமொறுப்பும் உப்பும் மிகவும் நன்றாகச் சேரும்.

ஆறிய சோறும் பழஞ்சோறும்

எங்கள் பக்கத்து அரிசிகளில் அமிலோசு என்ற மாப்பொருள் கூடுதல். ஆறியதும் அது இறுகும். அதனால் குத்தரிசிச் சோற்றை ஆறவைத்துப் பரிமாறக்கூடாது. சூடாக்கும்போது சட்டியில் வறட்டிக்கொண்டிராமல் ஒரு பிளேற்றுக்கு 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, நீத்துப்பெட்டியிலோ இடியப்பத் தட்டிலோ 5 நிமிடம் ஆவியில் வையுங்கள். புதிதாக இறக்கியதுபோல் திரும்பும். சமைத்த சோற்றை இளஞ்சூட்டில் மூடியபடி மணிக்கணக்காக விடவேண்டாம். வேக்காட்டிலும் சாகாத கிருமி வித்துகள் அந்தச் சூட்டில் முளைத்து நஞ்சு விடும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணிநேரத்துக்குள் குளிரில் வைக்கவேண்டும் அல்லது தண்ணீரில் மூழ்கவிட வேண்டும்.

மூழ்கவிடுவதுதான் பழஞ்சோறு. இதற்குப் புழுங்கல் குத்தரிசியைப் போல எதுவும் இல்லை. பச்சையரிசி விடியும்போது கரைந்து கூழாகிவிடும், தீட்டிய வெள்ளைச் சோறு சாரமில்லாமல் வெளிறிக் கிடக்கும். தவிட்டுத்தோல் மணியைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும், புளிப்பும் மெதுவாக ஏறும். நன்றாக ஆறிய சோற்றை மண்சட்டியில் போட்டு, கொதித்தாறிய தண்ணீரைச் சோற்றுக்குமேல் மூன்று விரற்கடை நிற்கும்படி விட்டு மூடுங்கள். சூட்டோடு தண்ணீர் விட்டால் ஊசிப்போகும். 8 முதல் 10 மணிநேரம் போதும், வைகாசியில் 7. இதமான புளித்த மணம் வரவேண்டும். நூல்போல இழுபட்டாலோ அழுகல் மணம் வந்தாலோ சட்டியோடு வெளியே கொட்டிவிடுங்கள்.

காலையில் தண்ணீரில் பாதியை வடித்து எடுத்துவிட்டு, கையால் பிசைந்து, இரண்டு பேருக்கு அரைக் கோப்பை கட்டித் தயிரோ முதற்பாலோ சேர்த்து உப்புப் பாருங்கள். எட்டுப் பத்துச் சின்னவெங்காயம், நாலு பச்சைமிளகாய், பாதித் தேசிக்காயின் புளி. வெங்காயத்தை முன்கூட்டி வெட்டிப் போட்டால் அதன் காரம் தண்ணீரில் இறங்கிக் கசக்கும். கோப்பையில் ஊற்றிக் கையில் கொடுக்கும்போது நறுக்கிப் போட்டால் போதும். தேசிப்புளி தயிர் சேர்த்த சோற்றுக்குத் தேவையில்லை, தேங்காய்ப்பாலுக்குத்தான் வேண்டும். அதையும் பால் விட்டுக் கலக்கிய பிறகே பிழியவேண்டும், இல்லையென்றால் பால் திரிந்து கட்டி கட்டியாக மிதக்கும்.